கோபுரத்துக்குப் பொலிஸ் பதிவு

வெள்ளவத்தை
வெள்ளிக்கிழமை பின்னேரம்

அன்பு மகள் யதுஷாவுக்கு,

அப்பா எழுதிறன். நீயும் மருமகன் ராகுலனும் சின்னவளும் அந்த எட்மன்ரன் குளிருக்குள்ளை ஒரு தடிமன் காய்ச்சல் அண்டாமல் இருக்கவேணும் எண்டு அம்மாளாச்சியைக் கேட்டுக்கொண்டு தொடங்கிறன். இஞ்சை அம்மாவுக்குச் சுகம், முழங்கால் மட்டும் வானிலை அறிக்கைக்கு முதல் மழையைச் சொல்லிப்போடும். எனக்கும் உடம்பு சுகம், முகம்தான் சுகமில்லை, அதை ஒருத்தருக்கும் காட்ட ஏலாமல் கிடக்கு. அதாலைதான் இந்தக் கிழமை முழுக்க நீ வீடியோவிலை கூப்பிடேக்கை எல்லாம் அப்பா குளிக்கிறார், அப்பா கடைக்குப் போட்டார், அப்பா நித்திரை எண்டு அம்மா சொன்னவ. ஒரு மனுசன் இவ்வளவு தரம் குளிச்சால் தோல் உரிஞ்சு போம் எண்டு நீயே யோசிச்சிருப்பாய். மேல் வீட்டு பேர்னாட் ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவுக்கு மகளிட்டைப் போறார், அங்கை இறங்கி முத்திரை ஒட்டிப் போடுறன் எண்டு சொல்லியிருக்கிறார், அவரிட்டைக் குடுத்துவிடத்தான் எழுதிறன். போனிலை சொல்லலாம்தான், ஆனா போனிலை நான் வாயைத் திறந்தால் எதுவும் பகிடியாத்தான் வெளியிலை வரும், நீயும் சிரிச்சுப்போடுவாய், பிறகு சொல்ல வந்தது சொல்லாமலே போயிடும். எழுத்துப் பிழை கிடந்தால் சின்னவளுக்குக் காட்டாதை. ஏழாம் வகுப்போடை பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஆள் நான் எண்டு அவளுக்குத் தெரியாது, பெரிய படிப்பாளி எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.

உன்ரை மாமி நேசமலர் அம்மா உங்களிட்டை வாற விசாவுக்குக் கைரேகை குடுக்க யாழ்ப்பாணத்திலை இருந்து வந்து எங்களோடை நிக்கிறா. கைரேகை குடுத்தாச்சு, பாஸ்போட் திரும்பி வரும்வரைக்கும் இஞ்சைதான் நிப்பா. அவ வந்த நாள்தொடக்கம் இந்த வீட்டிலை சாப்பாடு திருந்தியிருக்கு, இதை அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. நீ போனிலை, அப்பா, மாமியைத் தாமரைக் கோபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மேலை ஏத்தி ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ எண்டு சொன்னாய் தானே, அதிலைதான் எல்லாம் தொடங்கினது. உன்னிலை பிழையில்லை, முதலே சொல்லிப்போடுறன். நீ சொன்ன கையோடை நான் ஏதோ பட்டாளம் நகத்திற மாதிரித் திட்டம் போடத் தொடங்கினன். சனி ஞாயிறு பள்ளிக்கூடப் பிள்ளையள் பஸ் பஸ்ஸா வந்து இறங்குவினம், அது சரிவராது. கிழமை நாளிலை வெய்யில் தாழப் போய், பகலிலையும் ஊரைப் பாத்து, லைற் போட்ட பிறகும் பாத்துப்போட்டு இறங்கவேணும். பஸ்ஸிலை போய்க் கோட்டையிலை இறங்கி நடக்கிறதெண்டால் அவவின்ரை காலுக்கு ஏலாது, அதாலை எங்கடை ஒழுங்கை முடக்கிலை நிக்கிற பஸீரின்ரை திறீவீலரிலை காலி ரோட்டாலை கொம்பனித்தெருப் பக்கமாப் போறது. எங்கடை பிளட்டின்ரை மொட்டை மாடியிலை நிண்டாலே கோபுர உச்சியிலை இருக்கிற அந்தத் தாமரை மொட்டு ஊதாவும் பச்சையுமா மாறி மாறி மினுங்கிறது தெரியும், அதைக் காட்டிக் காட்டி மேலை அது இருக்கு இது இருக்கு எண்டு மாமிக்கு நான் விளக்கம் சொன்னனான். நான் ஒருநாளும் ஏறினதில்லை. ஆனா ஏறிப்போட்டு நேற்றுத்தான் இறங்கின ஆள் மாதிரிக் கதைச்சனான்.

உனக்கு என்ரை குணம் தெரியும். லிப்ற் போற வேகத்துக்குக் கட்டின பல்லுக் கையிலை வந்திடும் சம்மந்தியம்மா, அதாலை கீழை ஒரு ஜன்னல் வைச்சிருக்கிறாங்கள், பல்லைக் கழட்டிக் குடுத்துப்போட்டு ரோக்கன் எடுத்துக்கொண்டுதான் ஏறவேணும் எண்டு சொன்னனான். மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. எனக்குச் சொந்தப் பல்லு சம்மந்தியார், உங்கடையை வேணுமெண்டால் நான் மடியிலை வைச்சிருக்கிறன் எண்டு திருப்பிக் குடுத்தா. இவ்வளவு நாளும் இந்தப் பொம்பிளை உப்பிடிக் கதைக்கும் எண்டு எனக்குத் தெரியாது, உங்கடை கலியாணத்திலையும் குனிஞ்ச தலை நிமிராமல் நிண்டவ. எனக்குச் சரியான புளுகம், சந்தோசம் தாங்கேல்லை. பகிடிக்கு ஒரு ஆள் கிடைச்சிட்டுது, அம்மா இந்த நாற்பது வருசமா என்ரை பகிடிக்குச் சிரிக்கிறதை நிப்பாட்டிப் போட்டாவே. அந்தப் புளுகத்திலைதான் நான் அடுத்ததைச் சொன்னது.

அம்மா கோயிலுக்குப் போட்டா, நாங்கள் ரண்டு பேரும்தான் விறாந்தையிலை. நான் பேப்பரை மடிச்சு வைச்சுப்போட்டு, முகத்தை நல்லா இறுக்கி வைச்சுக்கொண்டு, சம்மந்தியம்மா, முக்கியமானதைச் சொல்ல மறந்திட்டன், யாழ்ப்பாண அடையாள அட்டைக்காரர் கோபுரத்திலை ஏறுறதெண்டால் திரும்பவும் பொலிஸ் பதிவு வேணும், மேலை நிண்டால் துறைமுகம் எல்லாம் தெரியும் தானே, தங்கியிருக்கிற இடத்துப் பொலிஸிலை பதிஞ்சு துண்டு கொண்டுபோனால்தான் விடுவாங்கள் எண்டன். மாமி சிரிக்கேல்லை. எப்பதொடக்கம் எண்டு கேட்டா. இந்த மாசம்தான் எண்டன். படம் எத்தினை வேணும் எண்டு கேட்டா. ரண்டு எண்டன். வீட்டுக்காரருக்கும் பிரச்சினை வருமோ எண்டு கேட்டா. வராமல், பதியாத ஆளை வைச்சிருந்தால் வீட்டுக்காரனையும் சேத்துத்தான் உள்ளுக்கை போடுவாங்கள் எண்டு சொல்லி நான் சிரிச்சன். நான் மட்டும்தான் சிரிச்சனான், அது அப்ப எனக்குத் தெரியேல்லை. மாமி எழும்பிக் குசினிக்குப் போய்ச் சோறு வடிச்சா, நானும் அதை அதோடை மறந்திட்டன்.

சண்டைக் காலத்திலை எங்கடை வீட்டுக்கு ஊரிலை இருந்து ஆர் வந்தாலும் பாயை விரிக்க முதல் பொலிஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிஞ்சது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பின்னலைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலம். அந்தப் பதிவுத் துண்டைப் பொலித்தீன் உறையிலை போட்டு நான் சேட்டுப் பொக்கற்றிலை வைச்சுக்கொண்டுதான் புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்குப் போறனான். இப்ப நாங்கள் வெள்ளவத்தைக் கிழவன்கள் பின்னேரத்திலை கடற்கரைப் பக்கம் கூடினால் அந்தக் கதையளைச் சொல்லித்தான் சிரிக்கிறது. ஆர் சாரத்தோடை ஓடினது, ஆர் கட்டிலுக்குக் கீழை படுத்துத் தும்மினது எண்டு. எங்களுக்கு அது பகிடியாப் போச்சு. எல்லாருக்கும் அப்பிடித்தான் எண்டு நினைச்சுப்போட்டன் மகள்.

அடுத்த நாள் விடிய அம்மா எழும்பினால் மாமியைக் காணேல்லை. படுக்கை மடிச்சுக் கிடக்கு, போன் சார்ஜிலை கிடக்கு. கோயிலுக்குப் போயிருப்பா எண்டு இருந்தம். இடியப்பம் ஆறிப்போச்சு, ஆள் வரேல்லை. நான் கோயிலுக்குப் போனன், இல்லை. ரெயில் பாதைப் பக்கம் போனன், கடலைப் பாத்துக்கொண்டு நிண்ட பொம்பிளையள் எல்லாரையும் முகத்துக்கு நேரை போய்ப் பாத்து ஒருத்தியிட்டைப் பேச்சும் வாங்கினன். சந்தைக்குள்ளையும் இல்லை. அப்ப எனக்கு உன்ரை முகம்தான் முன்னுக்கு வந்தது, உன்ரை மாமியைத் துலைச்சுப்போட்டு நான் உனக்கு என்ன சொல்லுறது. திரும்பி ஒழுங்கைக்கு வர, பஸீர் திறீவீலருக்குள்ளை இருந்து தலையை நீட்டி, அங்கிள் அந்தப் பெரியம்மாவை வெள்ளனவே நான்தானே பொலிஸடியிலை எறக்கி உட்டேன், வீட்டுல ஏதாச்சும் களவு போயிட்டா எண்டு கேட்டான். உடனை ஏறி இருந்தன், அவன் பொலிஸடிக்கு விட்டான்.

மாமி பொலிஸ் வாசலுக்குப் பக்கத்து மர வாங்கிலை இருந்தா. நல்ல சீலை கட்டி, தலை இழுத்து, மடியிலை ஒரு பை. பைக்குள்ளை என்ன இருந்தது தெரியுமோ, அவவின்ரை அடையாள அட்டை, விசாவுக்கு எடுத்ததிலை மிஞ்சின ரண்டு படம், பிறிஜ்ஜிலை நான் கொழுவி வைச்சிருந்த எங்கடை கரண்ட் பில். விலாசத்துக்கு அத்தாட்சி. எல்லாம் சரியா அடுக்கி வைச்சிருந்தா, எது முதலிலை கேப்பாங்கள் எண்டு தெரிஞ்ச ஆள் அடுக்கிற மாதிரி. ஒரு இளம் பொலிஸ்காரப் பெடியன் பக்கத்திலை ஒரு ஸ்ரூலிலை தேத்தண்ணி வைச்சிருந்தான், அது ஆடை படிஞ்சுபோய்க் கிடந்தது. என்னைக் கண்டதும் அவன் அரைகுறைத் தமிழிலை, ஐயா இந்த அம்மா என்ன கேக்கிறது எண்டு எங்களுக்கு விளங்கல்ல, கோபுரம் போக ரிப்போட் எண்டு சொல்லுது, இல்லை எண்டு சொன்னாலும் போகுதில்லை, பயந்து இருக்குது எண்டு சொன்னான். நான் சிங்களத்திலை, மகாத்தயா, அது விஹிளுவக், நான் பகிடிக்குச் சொன்னது எண்டன். சிங்களத்திலை சொல்ல லேசா இருந்தது. அவன் ஏசுவான் எண்டு நினைச்சன், ஏசினால் நல்லது எண்டும் நினைச்சன். அவன் ஏசேல்லை, அப்பிடி ஒரு பதிவு முந்தி உண்மையா இருந்ததா எண்டு கேட்டான். அவன்ரை வயசுக்கு அது தெரிய நியாயமில்லை. இருந்தது எண்டன்.

பிறகு அதையே மாமிக்குத் தமிழிலை சொல்லவேண்டி வந்தது. அவவுக்குச் சிங்களம் தெரியாது, நாங்கள் கதைக்கேக்கை என்ரை வாயையும் அவன்ரை வாயையும் மாறி மாறிப் பாத்துக்கொண்டு இருந்தா. சம்மந்தியம்மா, நான் பகிடிக்குச் சொன்னனான், அப்பிடி ஒண்டும் இல்லை எண்டன். அவ எழும்பேல்லை. அப்ப பதியத் தேவையில்லையோ எண்டு கேட்டா. இல்லை எண்டன். வடிவாத் தெரியுமோ எண்டு கேட்டா. வடிவாத் தெரியும் எண்டன். அதுக்குப் பிறகும் அந்தப் பெடியனின்ரை முகத்தைப் பாத்தா, அவன் தலையாட்டின பிறகுதான் எழும்பினா. வாசல் தாண்டின பிறகு, இத்தினை நாளா நான் பதியாமல் உங்கடை வீட்டிலை நிண்டிட்டன், உங்களுக்கும் அவவுக்கும் என்னாலை ஒண்டும் வந்திடக்கூடாது எண்டுதான் விடிய வெளிக்கிட்டனான், கோபுரம் பாக்க இல்லை எண்டு சொன்னா. மகள், அவ கோபுரத்துக்குத் துண்டு எடுக்கப் போகேல்லை. என்னைக் காப்பாத்தப் போனவ.

வீட்டுக்கு வந்து அம்மாவிட்டை, கோயிலடியிலை தெரிஞ்ச ஒரு ஆளைக் கண்டு கதைச்சுக்கொண்டு நிண்டிட்டன் எண்டு மாமி சொல்லிப்போட்டா. பின்னேரம் ராகுலன் கூப்பிட்டார், நான் கதவுக்குப் பின்னாலை நிண்டு கேட்டனான், சம்மந்தியார் என்னை நல்லாப் பாக்கிறார், கோபுரம் காட்டப்போறார் எண்டு சொன்னா, வேறை ஒரு சொல்லு இல்லை. ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பன். அம்மாவுக்கு நானே சொன்னனான். எந்த நாளும் ஏசிற மனுசி, அண்டைக்கு எனக்கு முன்னாலை சோத்தைப் போட்டு வைச்சுப்போட்டு அங்காலை போட்டா. பிறகு குசினிக்குள்ளை அம்மாவும் மாமியும் கதைச்சிருக்கினம், அம்மா வந்து எனக்குச் சொன்னவ. சண்டைக் காலத்திலை மாமி ராகுலனை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூட்டிக்கொண்டு வந்து இஞ்சை ஒரு லொட்ஜிலை நிண்டவவாம். லொட்ஜ் மாறேக்கை பழைய லொட்ஜின்ரை பதிவுத் துண்டுதான் கையிலை இருந்ததாம். அதுக்காகப் பொலிஸ்காரர் ராகுலனை ஏத்திக்கொண்டு போட்டாங்களாம். அவ உப்பிடித்தான் ஒரு வாங்கிலை இருந்தவவாம், அவரை விடும்வரைக்கும் எழும்பேல்லையாம், எழும்பினால் இடம் போயிடும் எண்டு தண்ணியும் குடிக்கேல்லையாம். இது உனக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு ஏன் சொல்லேல்லை எண்டு கேக்க எனக்கு வாயில்லை. இந்த வாய்க்குப் பயந்துதான் ஆக்கள் எனக்கு இப்பிடியான கதையளைச் சொல்லுறேல்லை எண்டு இப்பத்தான் விளங்குது.

மன்னிப்புக் கேக்கிறது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ரண்டு மூண்டு தரம் பக்கத்திலை போய் நிண்டு, கடைசியிலை மழையைப் பற்றிக் கதைச்சுப்போட்டு வந்தன். ஒருக்கா, சம்மந்தியம்மா என்ரை பல்லைக் கழட்டித் தாறன், நாக்கையும் சேத்து வைச்சிருங்கோ எண்டன், அவ சிரிக்கேல்லை, எனக்கே என்ரை குரல் பிடிக்கேல்லை. நேற்று மாமி விறாந்தையிலை இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டு இருந்தா, நானும் இருந்து உருவினன், உருவிக்கொண்டே, நான் செய்தது பிழை, பகிடி விடக்கூடாத இடத்திலை விட்டிட்டன் எண்டு சொன்னன். மாமி கையை நிப்பாட்டேல்லை. நீங்கள் பகிடி விட்டதிலை எனக்குக் கோவமில்லைச் சம்மந்தியார், கேட்ட உடனை நான் நம்பினனே, அதுதான் எனக்கு வெக்கமாக் கிடக்கு எண்டு சொன்னா. இவ்வளவு காலம் போயும், பேரப்பிள்ளை கண்டும், ஒரு சொல்லுக்குப் படத்தையும் பில்லையும் தூக்கிக்கொண்டு ஓடினனே, அந்தப் பெடியன் என்னைப் பற்றி என்ன நினைச்சிருப்பான் எண்டு கேட்டா. வெக்கப்பட வேண்டியவன் நான், அதைக் கொண்டுபோய் அவவின்ரை தலையிலை வைச்சிட்டனே. நீங்கள் வெக்கப்பட ஒண்டும் இல்லை, நானும் அந்தத் துண்டைப் பொக்கற்றிலை வைச்சுக்கொண்டு திரிஞ்சவன்தான், சந்தியிலை ஆமிக்காரன் கையைக் காட்டினால் கேக்க முதலே துண்டை எடுத்து நீட்டுவன், அதை மறக்கத்தான் சிரிக்கிறம் எண்டன். அப்பதான் கையை நிப்பாட்டி என்னைப் பாத்தா. அப்ப நீங்களும் பயந்தனீங்களோ எண்டு கேட்டா. சரியான பயம் எண்டன். அம்மாவுக்கும் நான் அதைச் சொன்னதில்லை மகள்.

இண்டைக்குக் காலமை நான் தனியப் பஸ் ஏறிக் கோபுரத்தடிக்குப் போனன். உள்ளுக்குப் போகேல்லை, வாசலிலை நிண்ட செக்கியூரிற்றியிட்டையும் ரிக்கற் ஜன்னலிலை இருந்த பிள்ளையிட்டையும் என்னென்ன கேப்பினம், என்னென்ன பாப்பினம் எண்டு ஒண்டொண்டாக் கேட்டன், கேட்ட கேள்விக்கு அந்தப் பிள்ளை என்னைச் சந்தேகமாத்தான் பாத்தது. வந்து மாமியிட்டை, வாசலிலை யூனிபோம் போட்ட ஆள் நிப்பார், பையைத் திறந்து பாப்பார், வேறை ஒண்டுமில்லை, எங்கை இருந்து வந்தனீங்கள் எண்டு கேக்கமாட்டினம் எண்டு ஒரு பகிடியும் சேக்காமல் சொன்னன். அவ தலையாட்டினா. மேலை நிண்டு பாத்தால் நாங்கள் நிண்ட லொட்ஜ் பக்கம் தெரியுமோ எண்டு கேட்டா. முந்தியெண்டால் ஓம், அதின்ரை ஜன்னல் சீலையும் தெரியும் எண்டிருப்பன். எனக்குத் தெரியாது சம்மந்தியம்மா எண்டன். அப்ப போய்ப் பாப்பம், அடையாள அட்டையை நான் கொண்டுதான் வருவன் எண்டு சொன்னா. கொண்டு வாங்கோ எண்டன். வாற புதன்கிழமை போறது எண்டு இருக்கு, அம்மாவும் வாறா. நான் அங்காலை போன பிறகு அவ குசினிக்குள்ளை அம்மாவிட்டை, பை மட்டும்தான் பாப்பினமாம், அது உண்மையோ எண்டு மெல்லமாக் கேட்டது எனக்குக் கேட்டது. அம்மா ஓம் எண்டு சொல்ல முதல் கொஞ்சம் யோசிச்சவ, அதுவும் கேட்டது.

அதாலை ரண்டு விசயம் செய். ஒண்டு, மாமியிட்டைக் கோபுரப் படம் எங்கை எண்டு இனிக் கேக்காதை, அவவா அனுப்பினால் பார், அனுப்பாட்டி விடு. ராகுலனுக்கு இதைச் சொல்லுறதோ இல்லையோ நீ யோசிச்சுச் செய், சொன்னால் முழுக்கச் சொல்லு, என்னைப் பாவம் பாத்து ஒண்டையும் குறைக்காதை. அவர் என்னோடை கதைக்காமல் விட்டால் அது நியாயம்தான், நீ அவரோடை சண்டைக்குப் போகாதை. சின்னவளுக்குத் தலைக்கு எண்ணெய் வை, அந்த ஊர் ஹீற்றருக்குத் தலைமயிர் காய்ஞ்சு போகுமாம், நீயும் வேலை வேலை எண்டு சாப்பிடாமல் கிடக்காதை. மூண்டு பேரையும் அம்மாளாச்சி ஒரு குறையும் இல்லாமல் வைச்சிருக்க வேணும், அம்மாவும் உங்களுக்குத் திருநீறு பூசிவிட்ட மாதிரி நினைச்சுக்கொள்ளச் சொன்னவ. ரண்டாவது இதுதான், மறந்துபோகாதை. மாமி அங்கை எயாப்போட்டிலை வந்து இறங்கேக்கை யூனிபோம் போட்ட ஆள் ஜன்னலுக்குப் பின்னாலை இருந்து பேப்பர் கேப்பான், எங்கை நிப்பாய், எவ்வளவு நாள் நிப்பாய், ஆரின்ரை வீடு எண்டு கேப்பான். அது எல்லாரையும் கேக்கிறதுதான், பயப்பிடத் தேவையில்லை எண்டு பிளேன் ஏற முதல் நீ கூப்பிட்டு ஆறுதலா எடுத்துச் சொல்லு. நீதான் சொல்லவேணும். நான் சொன்னால் அவ நம்பமாட்டா.

இப்படிக்கு,
உன்ரை அப்பா
வே. கதிர்காமநாதன்